பூட்டிய கடையும் காப்புறுதியும்

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, தன் குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் ஊர் அக்கராயன். அங்கே வெள்ளமோ வறட்சியோ காட்டு யானையோ பயிரை அழித்தால், கமக்காரர் முறையிடுவதற்குக் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை இருக்கிறது. அதே ஊரிலே கொள்ளைநோய் ஒரு கடையைப் பூட்டிவிட்டால் கடைக்காரர் யாரிடம் முறையிடுவது?

2020 மார்ச் 20ஆந் திகதி மாலை கொவிட் நோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது எழுந்த கேள்வி இது. தீக்காப்புறுதியோடு வியாபார இடையூற்றுக் காப்புறுதியும் எடுத்தவர் சிலர் உண்டு. ஆயினும், வழமையான பத்திரம் தீயாலோ வெள்ளத்தாலோ கட்டடமும் சரக்கும் சேதமுற்று, அதனால் இழந்த இலாபத்துக்கே ஈடு கொடுக்கும். 2020இல் சுவரும் கூரையும் நன்றாகவே இருந்தன, வாங்குவோர்தாம் வரவில்லை.

பிரித்தானியாவில் இவ்வழக்கு அதியுயர் நீதிமன்றம் வரை சென்றது. கடைக்கு 25 மைல் சுற்றளவில் தொற்றுநோய் கண்டால் ஈடு உண்டு என்று எழுதியிருந்த பத்திரங்களுக்கு, 2021 ஜனவரி 15ஆந் திகதி வியாபாரிகள் பக்கம் தீர்ப்பாயிற்று. அந்த வாசகம் இருந்தமையால் அவர்கள் வென்றார்கள். ஆகவே பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது, தொற்றுநோய் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஏப்ரலிலும் மேயிலும் 5,000 ரூபா கிடைத்தது. மத்திய வங்கி, சௌபாக்கியா திட்டத்தின் கீழ் நூற்றுக்கு 4 வட்டியில் தொழில் முதலுக்குக் கடன் வழங்க ஏற்பாடு செய்தது. ஆனால் கடன் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதை நட்டஈடு என்று கொள்வதற்கில்லை. அன்றியும், கொப்பியிலே கடன் எழுதி, அறுவடைக்குப் பின் கணக்குத் தீர்க்கும் கிராமத்துக் கடைக்காரரிடம் வங்கி கேட்கும் கணக்கறிக்கைக்கு எங்கே போவது?

காப்புறுதிக் கம்பனிகள் அஞ்சுவதற்கும் காரணமுண்டு. தீ, நூறு கடைகளில் ஒன்றை எரிக்கும். மற்றவர் கட்டிய பணம் அதற்கு ஈடாகும். கொள்ளைநோயோ நூறையும் ஒருங்கே பூட்டுகிறது. ஆனால் வறட்சியும் அப்படித்தானே? குளம் வற்றினால் எல்லா வயலும் காயும். அதனாலன்றோ பயிர்க் காப்புறுதிக்கு அரசு துணை நின்றது! 2013ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் வரி போக ஈட்டும் இலாபத்தில் நூற்றுக்கு ஒன்றைப் பயிர்க் காப்புறுதிக்கென அறவிட வழி செய்தது. கொள்ளைநோயால் பூட்டப்படும் சிறு கடைக்கும் அவ்வாறொரு நிதியை ஏன் திரட்டலாகாது என்பதே என் கேள்வி.