இடுக்கண் வந்த வேளை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உங்கள் சங்கச் செயலாளர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, “ஐயா, இம்முறை நீங்கள்தான் பேசவேண்டும், துன்ப காலத்தில் மனந் தளராமை என்பது பொருள்” என்றார். நான் சிறிது தயங்கினேன். ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில் என்னைக் கேட்டிருந்தால் தயங்கியிருக்க மாட்டேன். அப்போது இப்பொருளைப் பற்றி மிக அழகாகப் பேசியிருப்பேன். என் தலையிலே பெருந்துன்பம் எதுவும் அதுவரை விழவில்லை.

வள்ளுவப் பெருந்தகை இப்பொருளுக்கு ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். பத்துக் குறளையும் பரிமேலழகர் உரையோடு ஒப்புவிக்க வல்லவனாய் இருந்தேன். துன்பம் வரும்போது சிரிக்க வேண்டும் என்று வகுப்பிலே பிள்ளைகளுக்கு உரக்கப் படிப்பித்தேன். பிள்ளைகளும் எழுதிப் புள்ளி பெற்றார்கள். பின்னர், எனக்கும் ஒரு பரீட்சை வந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதி மாலை. வலிகாமத்தில் அன்று இருந்தவர்களுக்கு அம்மாலையைப் பற்றி நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயின் இங்கு அமர்ந்திருக்கும் வாலிபரிற் பலர் அப்போது பிறந்திருக்கவும் மாட்டீர்கள். உடனே ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் வந்தது. இலட்சக்கணக்கான சனங்கள் ஓர் இரவில், மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். எங்கள் சைக்கிளிலே ஒரு மூட்டை. மூட்டையின்மேல் இரண்டு பாய்கள். கைப்பிடியில் ஒரு கேத்தில். என் தாயார் வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் வகுப்பறையிலே ஏழு குடும்பங்கள் ஒதுங்கினோம். ஒரு வாரத்துக்குள்ளே நான் சோர்ந்து போனேன். சவரஞ் செய்வதை விட்டேன். ஒருவரோடும் பேசேன். சுவரிற் சாய்ந்தபடி ஓட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்துக் குறளும் நினைவில் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் என்னை எழுப்பவில்லை. குற்றம் குறளில் இல்லை. நான் அதனை நாவிலே மாத்திரம் வைத்திருந்தேன்.

என் தாயார் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாதவர். அவர் விடியுமுன் எழுவார். முகம் கழுவித் திருநீறு அணிந்து, எங்களுக்குக் கிடைத்த பத்தடி நிலத்தைக் கூட்டுவார். பின்பு என்னிடம் வந்து, “தம்பி, எழும்பு, பாயைச் சுருட்ட வேணும்” என்பார். தினந்தோறும் இதுவே நடந்தது. ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பாயைச் சுருட்டி எங்கையம்மா போகப் போறம்?” என்று கத்தினேன். அவர் கூட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: “போறமோ இல்லையோ, விடிஞ்சால் பாயைச் சுருட்டத்தானே வேணும்.”

இச்சொல்லின் பொருள் எனக்கு அன்று முழுவதும் விளங்கவில்லை. சில வருடங்களுக்குப் பின் ஒரு கடற்பயணக் கதையைப் படித்தேன். தென்துருவத்துப் பனிக்கடலிலே, நம் ஊரின் பெயரையும் கேட்டறியாத ஓர் ஆங்கில மாலுமி, ஏறக்குறைய இதே சொல்லை நாள்தோறும் சொல்லியிருந்ததை அதிலே கண்டேன். அந்த வரலாற்றைச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகின்றேன்.

1914ஆம் ஆண்டிலே ஏர்ணஸ்ற் ஷாக்கிள்ரன் என்பவர் அந்தாட்டிக்காக் கண்டத்தைத் தரைவழியே குறுக்காகக் கடக்கப் புறப்பட்டார். அவரோடு கப்பலில் இருந்தவர்கள் 27 பேர். கப்பலின் பெயர் ‘எண்டூரன்ஸ்’. தாங்கும் ஆற்றல் என்பது அதன் பொருள். 1915ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே, கரையை அடையுமுன்னரே, அக்கப்பலைப் பனிக்கட்டி நாற்புறமும் பற்றிக்கொண்டது. பல மாதங்கள் அசையாது கிடந்தது. ஒக்ரோபரிலே பனிக்கட்டியின் அழுத்தம் தாங்காது அதன் மரங்கள் முறிந்தன. நவம்பர் 21ஆந் திகதி கப்பல் கடலுள் ஆழ்ந்தது. தாங்கும் ஆற்றல் என்ற பெயருடைய கப்பல் தாங்கவில்லை. அதில் ஏறி வந்த மனிதர் தாங்கினர்.

கப்பலைக் கைவிட்ட வேளையில் ஷாக்கிள்ரன் செய்தவை கவனிக்கத்தக்கன. கண்டத்தைக் கடப்பது என்ற நோக்கத்தை அவர் அன்றே கைவிட்டார். இனி எல்லோரும் உயிரோடு வீடு திரும்புவதே வேலை என்றார். ஒவ்வொருவரும் இரண்டு இறாத்தல் நிறையுள்ள சொந்தப் பொருள்களையே எடுத்து வரலாம் என்று கட்டளையிட்டு, தம்மிடமிருந்த பொற்காசுகளைப் பனியில் எறிந்தார். ஆனால் ஒருவருடைய ‘பஞ்சோ’ என்னும் நரம்பு வாத்தியத்தை, அது அந்த அளவிலும் பன்மடங்கு பாரமுடையதாயினும், கொண்டுவரச் செய்தார். அது மனத்துக்கு மருந்து என்பது அவர் கருத்து. பொன் போகலாம், பாட்டுப் போகக்கூடாது என்று கண்டவர் அவர்.

மிதக்கும் பனியின்மேல் மாதக்கணக்கில் பாளையமிட்டிருந்து, 1916ஆம் ஆண்டு ஏப்ரிலிலே மூன்று சிறு படகுகளில் ஏறி, ஆனைத்தீவு எனப் பொருள்படும் எலிபன்ற் தீவை அடைந்தார்கள். மனித வாசமில்லாத தீவு அது. கப்பல்கள் செல்லும் வழியிலும் அஃது இல்லை. ஆகவே ஏப்ரில் 24ஆந் திகதி ஷாக்கிள்ரன் ஐவரைக் கூட்டிக்கொண்டு, இருபத்திரண்டரை அடி நீளமுள்ள ஒரு படகிலே, உலகத்தின் மிகக் கொடிய கடலிலே, ஏறத்தாழ 800 மைல் தூரத்திலிருந்த தென் ஜோர்ஜியாத் தீவை நோக்கி உதவி தேடிப் புறப்பட்டார். மற்ற 22 பேரும் பிராங்க் வைல்ட் என்பவரின் பொறுப்பிலே கரையில் நின்று கையசைத்தார்கள்.

அன்பர்களே! இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் படகோடு போய்விடுவார்கள். வீரச்செயல் அங்கேதான் இருக்கின்றது. நான் உங்களைக் கரையிலே நிற்கச் சொல்கின்றேன். நம்மிற் பெரும்பாலோருடைய துன்பம் படகில் போனவர் துன்பம் போன்றதன்று. செய்வதற்கு ஒன்றுமின்றிக் காத்திருப்பவர் துன்பமே நமக்கு மிகுதியும் வாய்க்கின்றது.

அந்த 22 பேரும் எஞ்சிய இரண்டு படகுகளைக் கவிழ்த்து, அவற்றின்கீழ் வாழ்ந்தார்கள். கடல்நாய் இறைச்சியும் பென்குயின் இறைச்சியும் உணவு. கொழுப்பெரித்த புகையிலே முகமெல்லாம் கரி. பனியால் அழுகிய ஓர் இளைஞனின் கால்விரல்களை வைத்தியர் இருவர் அந்தக் குடிலுக்குள்ளேயே வெட்டி அகற்றினர். போனவர் சேர்ந்தனரோ மூழ்கினரோ என்று அறிய வழியே இல்லை. இந்நிலையிலே பிராங்க் வைல்ட் என்ன செய்தான்? காலைதோறும் எழுந்து, “படுக்கைகளைச் சுருட்டுங்கள், தலைவர் இன்று வந்தாலும் வருவார்” என்ற கருத்துப்பட ஒரே சொல்லைச் சொன்னான். நான்கு மாதங்கள் சொன்னான். சிலர் நம்பினர், சிலர் உள்ளுக்குள்ளே நகைத்தனர். நம்பியவரும் சுருட்டினர், நம்பாதவரும் சுருட்டினர். சனிக்கிழமைகளில் அந்தப் பஞ்சோவை மீட்டிப் பாடினார்கள்.

இவன் வெறுங் கனவு காண்பவன் அல்லன் என்பதையும் சொல்லவேண்டும். தலைவர் வராவிட்டால் ஒக்ரோபர் மாதத்தில் தானே ஒரு படகில் உதவி தேடிப் புறப்படுவது என்று திட்டமிட்டிருந்தான். இன்று வருவார் என்று நம்பிக்கொண்டே, வராவிட்டால் என் செய்வது என்றும் எண்ணி வைத்திருந்தான்.

ஷாக்கிள்ரனோ மே மாதம் 10ஆந் திகதி தென் ஜோர்ஜியாவின் ஒரு கரையிலே ஒதுங்கினார். மனிதர் வாழ்ந்தது மறுகரையில். அதுவரை எவரும் கடந்திராத மலைகளை இருவரோடு 36 மணி நேரத்தில் நடந்து கடந்தார். அப்பாலும் துன்பம் முடியவில்லை. தோழரை மீட்க முதலில் ஒரு கப்பலிற் சென்றார், பனிக்கட்டி தடுத்தது. இரண்டாவது கப்பலிற் சென்றார், தடுத்தது. மூன்றாவதும் திரும்பியது. நான்காவதாகச் சிலி நாட்டார் கொடுத்த ‘யெல்சோ’ என்னும் சிறு கப்பலிலே 1916ஆம் ஆண்டு ஓகஸ்ற் 30ஆந் திகதி போய்ச் சேர்ந்தார். 22 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

பனிக்கட்டி எந்த நேரமும் வந்து வழியை மூடக்கூடிய கடல் அது. தாமதிக்க இடமில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துள் அனைவரும் கப்பலேறினர். நான்கு மாதமாகச் சுருட்டி வைத்த படுக்கைக்கு அன்றே பயன் வந்தது.

எல்லாம் நன்றாய் முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கண்டத்தைக் கடக்கும் நோக்கம் நிறைவேறவே இல்லை. அதே பயணத்துக்காகக் கண்டத்தின் மறுபுறத்தில் இறங்கிய குழுவிலே மூவர் இறந்தனர். ஷாக்கிள்ரன் தாமும் 1922ஆம் ஆண்டு மீண்டும் தென் ஜோர்ஜியாவுக்குச் சென்ற இடத்தில் காலமானார். நம்பிக்கை வைத்தவர் கேட்டதெல்லாம் பெறுவர் என்று எந்த வரலாறும் சொல்லவில்லை. கிடைப்பது வந்து வாசலில் நிற்கும்போது, எழுந்து வாங்கிக்கொள்ளும் நிலையில் நாம் இருக்க வேண்டும், அவ்வளவே.

இக்கதையைப் படித்து முடித்தபோது என் தாயாரின் சொல் எனக்கு விளங்கிற்று. நம்பிக்கை முதலில் மனத்தில் பிறந்து பின்பு கைக்கு வரும் என்று நான் எண்ணியிருந்தேன். அதனாலேதான் மனம் தெளியட்டும் என்று சுவரிற் சாய்ந்து காத்திருந்தேன். அவரோ கையிலே தொடங்கினார். பாயைச் சுருட்டிய கை கூட்டுமாற்றை எடுத்தது. கூட்டிய கை அடுப்பை மூட்டிற்று. பக்கத்துக் குடும்பத்தின் குழந்தைக்குக் கஞ்சி வார்த்தது. மனம் அதன் பின்னே மெல்ல நடந்து வந்தது. நானும் சில நாளில் சவரஞ் செய்துகொண்டு, அப்பாடசாலை மரநிழலில் இடம்பெயர்ந்த பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கணக்குப் படிப்பிக்கத் தொடங்கினேன். கரும்பலகை இல்லை, மணலிலே எழுதினோம்.

1996ஆம் ஆண்டு ஏப்ரிலிலே ஊர் திரும்பினோம். தாயார் சேலைத் தலைப்பை அவிழ்த்துத் திறப்பை எடுத்தார். திறப்பதற்குக் கதவு இல்லை. கூரையின் ஒரு பாதியும் இல்லை. அவர் முற்றத்தில் நின்று சிறிது நேரம் அழுதார். அழக்கூடாது என்று வள்ளுவர் எங்கும் விதிக்கவில்லை என்பதை அன்று உணர்ந்தேன். பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விளக்குமாறு ஒண்டு எங்கையும் கிடக்கோ பார், தம்பி” என்றார்.

வாலிப அன்பர்களே! உங்கள் துன்பங்கள் வேறு. 2022ஆம் ஆண்டிலே மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றவர்கள் நீங்கள். பரீட்சையிலே ஒரு பெறுபேறு குறைந்தவுடன் உலகமே முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்பவரும் உங்களுள் உண்டு. படித்தும் வேலையின்றி இருப்போர் உண்டு. வெளிநாட்டுக்குப் போவதா, இங்கே இருப்பதா என்று அறியாமல், போகவும் மாட்டாது இருக்கவும் மாட்டாது நிற்போர் உண்டு. அவற்றைச் சிறியன என்று நான் சொல்லேன். அவரவர் பாரம் அவரவர்க்கே தெரியும்.

ஒன்று மாத்திரம் கேட்கின்றேன். துன்பம் எப்போது தீரும் என்ற கணக்கை இரவிலே போடாதீர்கள். அக்கணக்கு இரவில் ஒருநாளும் சரிவராது. விடிந்ததும் பாயைச் சுருட்டுங்கள். குளியுங்கள், நாலு பேர் இருக்கும் இடத்துக்கு வாருங்கள். தாங்க முடியாதபோது யாரிடமேனும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த 22 பேரில் எவனும் அத்தீவிலே தனியே தாங்கவில்லை. உங்கள் நண்பன் ஒருவன் நான்கு நாளாகச் சங்கத்துக்கு வரவில்லையானால், ஐந்தாம் நாள் அவன் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். “எழும்படாப்பா” என்று சொல்ல ஒருவர் இருந்தால் மனிதன் பெரும்பாலும் எழுந்துவிடுவான். எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். அதனாலேதான் இன்று உங்கள் முன்னே நிற்கின்றேன்.

என் தாயார் இப்போது இல்லை. கதவில்லாத வீட்டின் அந்தத் திறப்பு என்னிடம் இருக்கின்றது. புதிய கதவுக்கு அது பொருந்தாது. எனினும் எறிய மனம் வரவில்லை. காலையில் மேசையிலே அதைக் காணும்போதெல்லாம், சுருட்டாத பாய் ஏதேனும் கிடக்கின்றதோ என்று திரும்பிப் பார்க்கின்றேன்.