கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம்

(ஸ்பிரிங்வெளி தோட்ட மக்கள் மத்தியில் ஆற்றிய சுகாதார உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, மடுவத்தில் இருந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேசமாட்டோம். ஈரலைப் பற்றி மட்டும் பேசுவோம்.

வலது பக்க விலாவுக்கு உள்ளே இருப்பது ஈரல். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. தின்றதைச் சத்தாக்கிச் சேர்த்து வைப்பதும், நஞ்சை முறிப்பதும் அதன் வேலை. அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதி கெட்டாலும் வாய் திறக்காது. பல்வலி மாதிரி சத்தம் போட்டிருந்தால் நாங்கள் இங்கே வந்திருக்கவே வேண்டாம்.

லயத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் என்ன சொல்கிறோம்? "மஞ்சக்காமாலை, கீழாநெல்லி அரைச்சுக் குடு, மந்திரிச்சு விடு." சில கிழமைகளில் பலருக்குச் சுகமாகியும் விடுகிறது. அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் ஏ வகைச் செங்கண்மாரி பெரும்பாலும் தானாகவே மாறக்கூடியது. பேர் மட்டும் மருந்துக்குப் போய்விடுகிறது! 2007 இல் கம்பளையில் பரவியது அந்த வகைதான். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், கக்கூசுக்குப் போய்வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் அதைத் தடுக்கும்.

ஆனால் மஞ்சள் ஒன்று, காரணம் பல. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயலிலும் கானிலும் இறங்கி வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நேரத்தோடு மருந்து எடுத்தால் பிழைக்கலாம். மந்திரித்துக்கொண்டு நாளைப் போக்கினால் சிறுநீரகமும் கெட்டு உயிரே போகும். பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் மஞ்சள் வரும். அப்போது மலம் வெளுத்துப் போகும். பி வகைக் கிருமி இரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றி, வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி 2003 இல்தான் வந்தது.

அடுத்தது குடி. "உடம்பு அலுப்புக்கு ஒரு கால் போத்தல்" என்று தொடங்குவது தெரிந்ததுதான். கசிப்பு மட்டுமல்ல, சீல் வைத்த சாராயமும் ஈரலைக் கெடுக்கும். முதலில் கொழுப்பேறும், பிறகு தழும்பு விழுந்து சுருங்கும். கொழுப்பேறிய மட்டில் குடியை நிறுத்தினால் ஈரல் தேறிக்கொள்ளும்.

"நான் குடிக்கிறதே இல்லையே" என்று அக்காமார் சிரிப்பது தெரிகிறது. இரத்தினபுரி மாவட்டம் நிவித்திகலைப் பகுதித் தோட்டங்களில் செய்த ஓர் ஆய்வு 2011 இல் வெளிவந்தது. நம்மைப்போல் மலையில் ஏறி இறங்கி உழைக்கும் ஜனங்கள்தான். அவர்களில் 100 பேருக்கு 18 பேர் என்ற கணக்கில், குடியால் வராத கொழுப்பேறிய ஈரல் இருந்தது. வயிறு பெருத்தவர்களும் சீனி வியாதிக்காரரும் முக்கியமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பனடோலும் அளவு மீறினால் ஈரலைக் கொல்லும். 500 மில்லிகிராம் குளிசை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 க்கு மேல் ஆகாது. குடிக்கிறவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

சாப்பாடு பிடிக்காமல் போவது, ஓயாத அசதி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போவது, கால் வீங்குவது: இவற்றில் எது வந்தாலும் மருந்துசாலையில் காட்டுங்கள். இரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம், வயிறு உப்புவது, ஆள் தடுமாறிப் பேசுவது என்றால் விடியும் வரை வைத்திருக்காதீர்கள்.

சோதனை பெரிய காரியமில்லை. கையில் கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். ஈரல் காயப்பட்டால் அதற்குள் இருக்கவேண்டிய ஒரு பொருள் இரத்தத்தில் கசியும். அதை அளப்பதுதான் எஸ்.ஜி.பி.டி. பிலிருபின் என்பது மஞ்சளின் அளவு. பி வகைக்கு வேறு சோதனை. சுருங்கிப்போன ஈரலிலும் எஸ்.ஜி.பி.டி. சரியாக வரலாம். ஆகவே ஸ்கேன் எழுதித் தந்தால், "ரத்தம் நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

பதுளைக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் வேண்டும். தெரியும். படுத்த பிறகு போனால் எத்தனை பேர் போகும் என்றும் வீட்டில் கணக்குப் பாருங்கள். போகும்போது குடித்த நாட்டு மருந்து, குளிசை, சாராயம் எல்லாவற்றையும் டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ரிசல்ட் துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் பத்திரமாக வையுங்கள்; அடுத்த முறை அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.