பேரனின் விமானமும் தாத்தாவின் சிக்கனமும்

(கொல்கத்தாவில் நமது சங்க உறுப்பினர்களின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களின் பொருட்டு எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



ரிடையர் ஆனவனை மேடையில் ஏற்றினால் பென்ஷனைப் பற்றியோ சர்க்கரை வியாதியைப் பற்றியோதான் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேசப் போவது சின்ன விமானம் ஓட்டும் பிள்ளைகள் வழி பார்க்க எதைக் கையில் எடுத்துப் போகலாம், டேப்லெட்டா, கையடக்க ஜி.பி.எஸ். கருவியா என்பதைப் பற்றி. "எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். நம் வீடுகளிலும் இப்போது பேரன் பேத்திகள் பைலட் பயிற்சிக்குப் போகிறார்கள். பணம் கட்டுவதும் சாமான் வாங்கிக் கொடுப்பதும் தாத்தாக்கள்தான். அந்த விதத்தில் நான் செய்த இரண்டு தவறுகளை உங்கள் முன் ஒப்புக்கொள்வதே இந்தப் பேச்சின் நோக்கம்.

நாம் எந்தக் கர்மாவைத் தொடங்கினாலும் முதலில் சங்கல்பம் செய்கிறோம். இன்ன கண்டம், இன்ன மலைக்குத் தெற்கே, இன்ன வருஷம், இன்ன திதி என்று, இருக்கும் இடத்தையும் நேரத்தையும் சொன்ன பிறகுதான் காரியம். விமானியும் அப்படியே. எங்கே இருக்கிறேன், மணி என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவனிடம் எப்போதும் பதில் இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். தருவதும் இந்த இரண்டைத்தான்.

என் பெண் வயிற்றுப் பேரன் மத்திய இந்தியாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 300 கடல் மைல் தூரம், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறி, தனியாகவே ஓட்டிக் காட்ட வேண்டும். "தாத்தா, எல்லாப் பசங்களும் டேப்லெட் வெச்சிண்டிருக்கா" என்றான். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன், அரசாங்கத்தில் டெண்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். கடையில் ஒரே டேப்லெட் இரண்டு விலையில் இருந்தது. ஒன்று வைஃபை மட்டும் உள்ளது, இன்னொன்று சிம் போடக்கூடியது. ஆகாயத்தில் யாருக்கு சிம் வேண்டும் என்று நினைத்து, ஏறக்குறைய 15,000 ரூபாய் மிச்சம் பிடித்து முதலாவதை வாங்கினேன்.

வாங்கியதும் சோதித்தும் பார்த்தேன். லேக் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று வரைபடத்தைத் திறந்தால், நீலப் புள்ளி சரியாக எங்கள் தெருவில் நின்றது. பரம திருப்தி. பேரன் அதை எடுத்துக்கொண்டு பயிற்சியாளருடன் மேலே போனான். விமானம் 40 மைல் போய்விட்டது, நீலப் புள்ளி மட்டும் ஓடுபாதை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது. பயிற்சியாளர் சிரித்தாராம்.

காரணம் எளிது. ஐபேட் போன்றவற்றில் வைஃபை மட்டும் உள்ள மாடலில் ஜி.பி.எஸ். ரிசீவரே கிடையாது. சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளின் அடையாளத்தை வைத்து அது இடத்தை ஊகிக்கிறது. லேக் மார்க்கெட்டில் வீட்டுக்கு வீடு வைஃபை இருக்கிறது, அதனால் ஊகம் சரியாக வந்தது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் யார் வீட்டு வைஃபை இருக்கும்? சிம் போடும் மாடலில்தான் ரிசீவர் இருக்கிறது. அது வேலை செய்ய சிம்மோ சிக்னலோ தேவையில்லை. சிம்முக்கான துவாரத்துக்குக் கொடுக்கும் விலை என்று நான் நினைத்தது உண்மையில் ரிசீவருக்கான விலை. வைஃபை மாடலை ஏற்கெனவே வாங்கியவர்கள், ப்ளூடூத் மூலம் இணையும் தனி ரிசீவர் வாங்கிச் சரிசெய்து கொள்ளலாம்.

ரிசீவர் என்ன செய்கிறது? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகார நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் நேரத்தைக் கேட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ரிசீவர் கணக்குப் போடுகிறது. மைக்ரோ செகண்டில் ஒன்று தவறினால் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டைன் சொன்ன சார்பியல் விளைவால் அந்தக் கடிகாரங்கள் பூமியில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ செகண்ட் வேகமாக ஓடும். அதற்குத் திருத்தம் செய்யாவிட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். காலேஜில் மார்க்குக்காகப் படித்த சார்பியல் பேரன் மடியில் வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இது பொதுமக்கள் கைக்கு வந்த கதை சோகமானது. 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறி சோவியத் எல்லைக்குள் போன கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகே, ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். எல்லோருக்கும் கிடைக்கும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். 2000 மே வரை வேண்டுமென்றே சுமார் 100 மீட்டர் பிழையைக் கலந்து கொடுத்தார்கள். அதை நிறுத்திய பிறகுதான் நம் கைக்கருவிகள் இவ்வளவு துல்லியமாயின.

இடத்தைத் துல்லியமாக அளக்கும் வித்தைக்கு நம் இரண்டு ஊர்களும் தாய்வீடு. 1802-ல் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய சர்வே, 1831-32-ல் எவரெஸ்ட் தலைமையில் இங்கே பாரக்பூர் டிரங்க் ரோடு வழியே இன்னொரு அடிக்கோடாக அளக்கப்பட்டது. அதற்காகக் கட்டிய கோபுரங்களை இன்றும் பி.டி. ரோடில் பஸ்ஸில் போகும்போது பார்க்கலாம். இந்த ஊர்க்காரரான ராதாநாத் சிக்தாரின் கணக்கிலிருந்துதான் எவரெஸ்ட் சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று தெரியவந்தது. இதில் பழைய வரைபடம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய சர்வே வரைபடங்களுக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் ஆதார அளவு வேறு. கருவியில் அதை மாற்றி அமைக்காவிட்டால் அட்சரேகை, தீர்க்கரேகையில் சில நூறு மீட்டர் வித்தியாசம் வரும்.

இனி இரண்டாவது தவறு. வெட்கப்பட்டுக்கொண்டு ரிசீவர் உள்ள டேப்லெட்டை வாங்கிக் கொடுத்தேன். அருமையாக வேலை செய்தது. மே மாதம் 300 மைல் தனிப் பயணத்துக்குக் கிளம்பினான். செஸ்னாவின் கண்ணாடிக்குப் பின்னால், நேர் வெய்யிலில் டேப்லெட்டை மாட்டியிருந்தான். புறப்பட்டு நாற்பது நிமிஷத்தில் 'சூடாகிவிட்டது, ஆறட்டும்' என்று ஓர் அறிவிப்பு காட்டிவிட்டுத் திரை கறுத்துப் போனது. ஐபேடுக்குத் தயாரிப்பாளரே சொல்லும் உபயோக உச்ச வரம்பு 35 டிகிரி செல்ஷியஸ். நம் கோடையில் நிழலிலேயே அது தாண்டும். வாங்கும்போது பெட்டியில் இருந்த காகிதத்தை நான் படிக்கவில்லை.

பையன் என்ன செய்தான்? முழங்காலில் கட்டியிருந்த காகித வரைபடத்தைப் பார்த்தான். காம்பஸ் காட்டும் திசையைப் பிடித்தான். கடைசியாகத் தாண்டிய ஊரின் நேரத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தான், அதிலிருந்து கணக்குப் போட்டான். நர்மதை கண்ணில் பட்டதும் அதன் வளைவை வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டான். எதிர்பார்த்ததைவிட மூன்று நிமிஷம் தாமதமாக ஓடுபாதை தெரிந்தது. இதை அவன் போனில் விளையாட்டாகச் சொன்னான். என் பெண் அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை.

விமானிகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. ஒரு டிகிரி திசை தவறினால் 60 மைலில் ஒரு மைல் விலகுவோம். 100 நாட் வேகத்தில் 60 மைல் என்பது 36 நிமிஷம். பத்து டிகிரி தவறினால் அதற்குள் பத்து மைல் விலகி, ஊரே கண்ணில் படாது. இதில் டேப்லெட் இன்னொரு வம்பும் செய்யும். அதன் உறையில் உள்ள காந்தம் காம்பஸ் அருகே வந்தால் ஊசி நகர்ந்துவிடும். ஆகவே உறையைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும்.

சரி, கையடக்கக் கருவி? கார்மின் ஏரா 660, 760 போன்றவை விமானத்துக்கென்றே செய்தவை. வெய்யிலில் படிக்கலாம், சூட்டைத் தாங்கும், ரிசீவர் உள்ளேயே இருக்கிறது, சினிமாவோ வாட்ஸ்அப்போ குறுக்கே வராது. குறை என்னவென்றால், திரை 5 அங்குலம், 7 அங்குலம்தான். விலை அதிகம். தகவல் தொகுப்பைப் புதுப்பிக்கத் தனிச் சந்தா கட்ட வேண்டும். டேப்லெட்டின் பலம் பெரிய திரை. புறப்படுவதற்கு முன் திட்டமிட, வானிலை பார்க்க, எடைக் கணக்குப் போட, பாடம் படிக்க அதற்கு இணை கிடையாது. எதை வாங்கினாலும், நம் நாட்டு வரைபடமும் விமான நிலையத் தகவலும் அதில் உண்டா, புதுப்பிக்கப்படுகிறதா என்று முதலில் கேளுங்கள். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க இரண்டுக்குமே அங்கீகாரம் கிடையாது. இவை துணைக் கருவிகள் மட்டுமே.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-ல் பைலட்டுகளின் 35 பவுண்டு காகிதப் பையை ஒழித்து ஐபேட் கொடுத்தது. 2015 ஏப்ரலில் அதிலிருந்த வரைபடச் செயலி கோளாறாகிப் பல டஜன் விமானங்கள் தாமதமாயின. எல்லோரிடமும் ஒரே செயலி இருந்தால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில்தான் கெடும்.

கொல்கத்தா ஆகாயத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. பூமத்திய ரேகைக்கு இரு பக்கமும் அயனி மண்டலம் அடர்ந்த இரண்டு பட்டைகள் இருக்கின்றன. வடக்குப் பட்டையின் உச்சி நம் தலைக்கு அருகில்தான். இந்த மண்டலத்தை ஆராய்ந்து 1947-ல் உலகமே பாடப்புத்தகமாகக் கொண்ட நூலை எழுதிய சிசிர் குமார் மித்ரா, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர். சூரியன் அஸ்தமித்த பிறகு, முக்கியமாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், இங்கே செயற்கைக்கோள் சமிக்ஞை நட்சத்திரம் போல மினுங்கும், சில சமயம் அறுந்தும் போகும். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்து 2015-ல் தொடங்கி வைத்த ககன் திட்டம், ஜி.பி.எஸ். பிழைகளைத் திருத்தி அனுப்புகிறது. அதைப் பெறும் வசதி கருவியில் உண்டா என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஆகாயம் செய்யும் வம்பு போதாதென்று மனிதனும் செய்கிறான். பொய்யான ஜி.பி.எஸ். சமிக்ஞையை ஒலிபரப்பினால் கருவி தைரியமாகத் தப்பான இடத்தைக் காட்டும். 2025 டிசம்பரில் பாராளுமன்றத்தில் மந்திரி அளித்த பதிலில், இத்தகைய குறுக்கீடு பற்றித் தகவல் வந்த ஊர்களில் கொல்கத்தாவும் சென்னையும் இருந்தன. டேப்லெட் ஆனாலும் கையடக்கக் கருவி ஆனாலும் இரண்டும் ஒரே கோள்களைத்தான் கேட்கின்றன. பொய் வந்தால் இரண்டுமே ஏமாறும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி.பி.எஸ். வெறுமே கேட்கும் கருவி. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி வேறு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பின்னதை அரசு அனுமதியின்றி நம் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் ஒரு வெளிநாட்டுப் பயணி இதற்காகப் பிடிபட்டார். "அங்கே சேலில் கிடைத்தது" என்று பேரனுக்கு வாங்கி வந்துவிடாதீர்கள்.

முடிவாக எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். டேப்லெட்டைத் தரையில் திட்டமிடவும் படிக்கவும் வைத்துக்கொண்டான். ஆகாயத்தில் அதை நிழலில், உறையின்றி வைக்கிறான். முன்னால் மாட்டிக்கொள்ள, பழையதாயினும் நல்ல நிலையில் உள்ள விமானக் கையடக்கக் கருவி ஒன்று வாங்கினோம். தகவல் தொகுப்பை மட்டும் புதிதாக ஏற்றினோம். வரைபடங்களை முன்தினமே இறக்கி, இணைப்பைத் துண்டித்துப் பார்த்துச் சரிபார்க்கிறான். காகித வரைபடம், கடிகாரம், பென்சில் மூன்றும் எப்போதும் முழங்காலில் இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, திரையைப் பார்க்காமல் எங்கே இருக்கிறோம் என்று முதலில் தானே சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் திரையைப் பார்க்கிறான். நம் வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் இரண்டும் உண்டல்லவா? இரண்டும் ஒத்துப் போனால் நிம்மதி, ஒத்துப் போகாவிட்டால் விசாரிக்க வேண்டும்.

பேச்சுக்கு முன் ஒரு மாமி கேட்டார்: "ஒரே ஒண்ணுதான் வாங்க முடியும்னா எது?" ஆகாயத்தில் முன்னால் மாட்டுவதற்கு என்றால் கையடக்கக் கருவி. தரையில் படிப்பதற்கு என்றால் ரிசீவர் உள்ள டேப்லெட். கையில் காசே இல்லை என்றால் காகித வரைபடமும் நல்ல கைக்கடிகாரமும். கடைசியாகச் சொன்னவை இல்லாமல் முதல் இரண்டும் வேண்டாம்.

அந்தப் பயணத்தின் காகித வரைபடத்தைப் பேரனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நர்மதைக் கரையில் அவன் பென்சிலால் எழுதிய நேரம் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்களுக்குக் காட்டுகிறேன். என் பெண் மட்டும் இன்னும் அதைப் பார்க்க மறுக்கிறாள்.