ஆன்டிபயாடிக் மருந்துகளும் வீட்டாரின் பொறுப்பும்

(நமது ஜமாஅத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செவிலியர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செவிலியர் பணியில் பல்லாண்டுகள் கழித்த எங்களை அழைத்து, ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைப் பற்றிப் பேசப் பணித்த நிர்வாகக் குழுவினருக்கு நன்றி. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. அதனுள் நாங்கள் புகவில்லை. அவர் எழுதிய மருந்து நோயாளியின் உடலைச் சரியாகச் சென்று சேரும்படி பார்த்துக்கொள்வதே எங்கள் வேலை. நோயாளி வீடு திரும்பியதும் அவ்வேலை உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். காலில் சீழ்ப்பிடித்த புண்ணுடன் பெரியவர் ஒருவர் வார்டில் சேர்க்கப்பட்டார். பென்சிலின் வகை ஊசி எழுதப்பட்டிருந்தது. "அலர்ஜி ஏதும் உண்டா, ஐயா?" என்று கேட்டோம். "இல்லை" என்றார். தோலில் போட்ட சோதனை ஊசியிலும் ஒன்றும் தெரியவில்லை. மருந்து ஏறிய சில நிமிடங்களில் உதடு தடித்தது, மூச்சு இரைத்தது, இரத்த அழுத்தம் சரிந்தது. தொடையின் வெளிப்புறத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் செலுத்தி, பிராணவாயுவும் கொடுத்து, அரும்பாடுபட்டு அவரை மீட்டோம். அதன் பின்னரே அவருடைய மனைவி, "சின்ன வயதில் தொண்டைப் புண்ணுக்கு ஊசி போட்டு முகமெல்லாம் வீங்கிப் போனதென்று மாமி சொல்வார்கள்" என்றார்.

அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. அலர்ஜி என்பது தூசிக்கும் தும்மலுக்கும் உரிய சொல் என்றே எண்ணியிருந்தார். கேட்ட நாங்கள்தாம் அவருக்குப் புரிந்ததா என்று பார்க்கத் தவறினோம். அன்று முதல், "எந்த மாத்திரையோ ஊசியோ போட்டு உடம்பு தடித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா?" என்றே கேட்கிறோம். வீட்டுப் பெண்களிடமும் தவறாமல் கேட்கிறோம்; குடும்பத்தின் நோய் வரலாறு பெரும்பாலும் அவர்களிடமே இருக்கிறது. அப்படி ஏதும் நேர்ந்திருந்தால் மருந்தின் பெயரையும் நேர்ந்ததையும் ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஆனால் மாத்திரை விழுங்கியதும் வயிறு சற்றுக் கலங்கியதை மட்டும் வைத்து அலர்ஜி என்று சொல்லிவிட்டால், நல்லதொரு மருந்துக்குக் கதவடைத்தவர்களாவோம்.

அடுத்தது நேரம். 1941 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டு நகரில், புண் முற்றிய காவலர் ஒருவருக்குப் பென்சிலின் செலுத்தப்பட்டது. வியக்கத்தக்க வகையில் அவர் தேறினார். ஆனால் இருப்பிலிருந்த மருந்து சில நாட்களில் தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினார்கள், அதுவும் போதவில்லை. நோய் திரும்பியது, மார்ச்சில் அவர் இறந்தார். பென்சிலினைச் சிறுநீரகம் எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 8 மணி நேரத்திற்கு ஒருமுறை என்று எழுதுவது அதனால்தான். காலை 9, பகல் 1, இரவு 8 என்று சோற்றுக் கணக்கில் கொடுத்தால், இரவு முழுதும் கிருமிக்கு ஓய்வு கிடைத்துவிடும். காலை 6, பகல் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகமும் அப்படியே. "வீட்டுக்குப் போக வேண்டும், டிரிப்பை வேகமாகத் திறந்துவிடுங்கள், சிஸ்டர்" என்று கேட்காத உறவினர் இல்லை. வான்கோமைசின் 1 கிராமை 60 நிமிடத்திற்குக் குறையாமல்தான் ஏற்ற வேண்டும். விரைந்தால் உடல் சிவந்து அரிக்கும், அழுத்தமும் விழக்கூடும். அமிக்காசின், ஜென்டாமைசின் ஊசிகள் சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கக்கூடியவை. ஆகையால்தான் சிறுநீரை அளக்கிறோம். காதில் இரைச்சல் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். தொல்லை செய்கிறோமென்று நினைக்க வேண்டாம்.

வீட்டில் நேரும் பிழைகள் சிறியவை போலத் தோன்றும். சிப்ரோஃபிளாக்சசினைப் பாலோடு விழுங்கினால், பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. டாக்சிசைக்ளினை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். குழந்தைகளுக்கான பொடி மருந்தில், காய்ச்சி ஆறிய நீரைப் புட்டியின் கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் மருந்து நீர்த்துவிடும். சமையலறைக் கரண்டியை விட்டு, உடன் வரும் மூடியிலேயே அளந்து கொடுங்கள்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். இரத்தம் போகிறதென்று அஞ்சி மருந்தை நிறுத்தியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அது வெறும் நிறம். ஆனால் எத்தாம்புடால் உண்பவருக்குப் பார்வை மங்கினாலும், சிவப்பும் பச்சையும் வேறுபடாமல் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

எத்தனை நாள் என்பதிலும் குழப்பம் உண்டு. முன்பு 10 நாள் எழுதிய சில நோய்களுக்கு இன்று 5 நாளே போதுமென மருத்துவர்கள் எழுதுகின்றனர். தாமாக நீட்டுவதும், காய்ச்சல் விட்டதும் தாமாக நிறுத்துவதும் இரண்டுமே தவறு. மீந்த மாத்திரையை அடுத்த பிள்ளையின் சளிக்குக் கொடுப்பது அதனினும் தவறு. வைரஸால் வரும் சளியை ஆன்டிபயாடிக் தொடாது. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. 2014 மார்ச் முதல் நம் நாட்டில் எச்1 அட்டவணை நடைமுறையில் உள்ளது. அதிலுள்ள மருந்துகளை வாங்கும்போது கடைக்காரர் உங்கள் பெயரையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரமலானைப் பற்றியும் ஒரு சொல். நோன்பு திறப்பதற்கும் சஹருக்கும் இடையில் ஏறத்தாழ 10 மணி நேரமே உண்டு. மூன்று வேளை மருந்தை அதற்குள் அடக்க இயலாது. சஹரில் இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்வதும் ஈடாகாது. நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை எங்களைவிட நீங்கள் நன்கறிவீர்கள். நோன்பு வைக்கும் எண்ணமிருந்தால் மருந்து எழுதும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில நோய்களுக்கு ஒரு வேளை மருந்தாக மாற்றித் தர அவரால் இயலும், எல்லாவற்றிற்கும் இயலாது.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டு அமர்ந்திருப்போம். மருந்து அட்டைகளைக் கொண்டுவந்திருப்போர் காட்டலாம். அலர்ஜிக் குறிப்புத் தாளையும் அங்கேயே எழுதித் தருகிறோம்.