வெற்றிக்கு அஞ்சலாமா?

(ஜேடர்பாளையத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தோல்வியைக் கண்டு துவண்டு விடாதீர்கள் என்று பேசாத மேடை இல்லை. எழுதாத ஏடும் இல்லை. இன்று நான் அதைப் பேச வரவில்லை. வெற்றியைக் கண்டு அஞ்சாதீர்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன். வெற்றியைக் கண்டு எவராவது அஞ்சுவாரா என்று நீங்கள் சிரிக்கக் கூடும். சிரிப்பதற்கு முன் உங்கள் தெருவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

பத்து வருடமாக ஒரே அளவில் கடை நடத்தும் ஓர் அண்ணன் இருப்பார். பக்கத்துக் கடை காலியாகிறது. அதையும் எடுத்தால் வியாபாரம் இரட்டிப்பாகும் என்று மற்றவர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும், "நமக்கெதுக்குப்பா பெரிய இடத்து வேலை" என்று விட்டு விடுவார். போட்டித் தேர்வில் முதல் கட்டம் தேறிய தம்பி ஒருவன் இருப்பான். இரண்டாம் கட்டம் நெருங்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்பான். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த மகள் ஒருத்தி இருப்பாள். "இதுக்கு மேல படிச்சா மாப்பிள்ளை கிடைக்காது" என்ற ஒரே வாக்கியத்தில் அவளுடைய படிப்பு முடிந்து போகும்.

இவர்கள் தோற்றவர்களா? இல்லை! வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது திரும்பிப் போனவர்கள். வேதனைக்குரிய விஷயம் என்னவென்றால், தோற்றவனுக்குக் கிடைக்கும் அனுதாபம்கூட இவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஏனென்றால் இவர்கள் இழந்தது என்னவென்று வெளியே யாருக்கும் தெரியாது.

யூனுஸ் நபியின் பெயரில் ஒரு நோய்

இந்த அச்சத்துக்கு உளவியல் அறிஞர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். 1970-இல் மறைந்த அமெரிக்க அறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ இதை 'யோனா மனச்சிக்கல்' என்று அழைத்தார். யோனா யார்? நாம் யூனுஸ் நபி (அலை) என்று போற்றுகிறவர்தான். தன்னிடம் உள்ள பெரும் ஆற்றலைக் கண்டு மனிதன் அஞ்சி ஓடுகிறான் என்பது மாஸ்லோவின் கருத்து.

அவர் தம் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பாராம். உங்களில் யார் மகத்தான நூல் எழுதப் போகிறீர்கள், யார் மாபெரும் தலைவர் ஆகப் போகிறீர்கள் என்பது போன்ற கேள்வி. வகுப்பே நெளியும், வெட்கப்பட்டுச் சிரிக்கும். நீங்கள் இல்லையென்றால் வேறு யார் என்று அவர் திருப்பிக் கேட்பாராம். அதே கேள்வியை இந்தக் கூட்டத்தில் கேட்டால் என்ன நடக்கும்? "இந்த வட்டாரத்தின் மிகப் பெரிய வணிகர் ஆகப் போகிறவர் கையைத் தூக்குங்கள்" என்றால் ஒருவர் இன்னொருவரைக் காட்டிச் சிரிப்பார். நமக்குள் தூக்கத் துணியாத கைகள்தான் எத்தனை!

நபிமார்களின் கண்ணியம் நாம் அறிந்தது. அறிஞர் வைத்த பெயர் இருக்கட்டும். அந்த வரலாற்றின் பிற்பகுதியை நாம் எடுத்துக்கொள்வோம். கப்பலேறி வெளியேறிய யூனுஸ் நபி, மீன் வயிற்றிலிருந்து மீண்ட பின் விட்டு வந்த பொறுப்புக்கே திரும்ப அனுப்பப்பட்டார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அவர் சொல்லை ஏற்றார்கள். திரும்பிச் சென்று பொறுப்பை ஏற்பதில்தான் படிப்பினை இருக்கிறது.

போதும் என்ற மனமா, போதும் என்ற பயமா?

"இருக்கிறதே போதும், அல்லாஹ் கொடுத்தது போதும்" என்று நாம் சொல்கிறோம். அழகான சொல்தான். ஆனால் அதை எப்போது சொல்கிறோம் என்று கவனியுங்கள். உழைத்து, முயன்று, கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு போதும் என்றால் அது மனநிறைவு. முயற்சியைத் தொடங்கும் முன்பே போதும் என்றால் அது பயம்; மனநிறைவின் சட்டையைப் போட்டுக்கொண்ட பயம்!

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார். அன்சாரித் தோழர் தம் சொத்தில் பாதியையே தர முன்வந்தார். அதை வாங்கிக்கொள்ளாமல், கடைவீதிக்கு வழி கேட்டவர் அவர். பின்னாளில் பெருஞ்செல்வர் ஆனார். வாரி வாரி வழங்கவும் செய்தார். அவருக்கு மனநிறைவு இல்லை என்று எவராவது சொல்வாரா?

வட்டிக் கடன் வேண்டாம் என்பதற்காகச் சிறிதாக நிற்பவர் உண்டு. அது கொள்கை, அவரை நான் குறை சொல்லவில்லை. தாங்க முடியாத அளவுக்கு அகலக்கால் வைத்து மூழ்கியவர்களும் உண்டு. எனவே கண்ணை மூடிக்கொண்டு விரிவாக்குங்கள் என்றும் நான் சொல்லவில்லை. காரணத்தோடு நிற்பது வேறு, காரணம் தேடி நிற்பது வேறு என்றுதான் சொல்கிறேன்.

கடைக்காரரின் கணக்கு

பெரிதானால் வரி வந்துவிடும், அதிகாரி வந்துவிடுவார் என்ற அச்சம் நம் வணிகர்களிடம் நிறைய உண்டு. அந்த அச்சத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோமே!

தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்கும் வணிகர், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் ஜிஎஸ்டியில் பதிய வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 11,000 ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினாலும் 1.5 கோடி வரை இணக்க வரித் திட்டம் உண்டு. அதில் சேரும் வணிகர் விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்ட வேண்டும். அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. வெளிமாநில விற்பனையும் கூடாது.

ஒருவர் வரிக்குப் பயந்து 39 லட்சத்தில் நிறுத்திக்கொள்கிறார். இன்னொருவர் 60 லட்சத்துக்கு வளர்கிறார். நூற்றுக்குப் பத்து மிச்சம் என்று வைத்துக்கொண்டால், கூடுதலான 21 லட்சத்தில் அவருக்கு 2,10,000 ரூபாய் மிச்சம். வரி 60,000 ரூபாய். கணக்கு எழுதுபவருக்குக் கொஞ்சம் கொடுத்தாலும், கையில் நிற்பது ஒரு லட்சத்துக்கு மேல்! முதலாமவர் 60,000 ரூபாய்க்குப் பயந்து, ஆண்டுதோறும் அதைவிடப் பெரிய தொகையை இழந்துகொண்டிருக்கிறார்.

"கண்ணில் பட்டால் ஆபத்து" என்பதும் நம் சமுதாயத்தில் வெறும் கற்பனை இல்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்! பில்லும் கணக்கும் பதிவும் உள்ளவனிடம் கேள்வி கேட்டால் அவன் காகிதத்தைக் காட்டுவான். எதுவும் இல்லாதவன் எதைக் காட்டுவான்? ஒளிந்து நிற்பதைவிட ஒழுங்காக நிற்பதே பாதுகாப்பு.

வாய்க்கால் சொல்லும் செய்தி

வரியையும் அதிகாரியையும் தாண்டி உள்ளே பார்த்தால், நாம் உண்மையில் அஞ்சுவது வெற்றிக்குப் பின் வரும் சுமைக்குத்தான். கணக்கு வைக்க வேண்டும், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், உறவினர் கடன் கேட்டு வருவார், முன்போல் திண்ணையில் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. இவை எல்லாம் உண்மைதான். யாரும் மறுக்கவில்லை.

இந்த ஊரைப் பாருங்கள். காவிரி இங்கே வந்து, ராஜா வாய்க்காலாகப் பிரிந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் பாய்கிறது. பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய வாய்க்கால் என்று இந்த வட்டாரம் அவரை இன்றும் நினைவு வைத்திருக்கிறது. அதை வெட்டிய பிறகு வேலை முடிந்து விட்டதா? தூர் வார வேண்டும், கரையைக் காக்க வேண்டும், கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனை தொல்லை எதற்கு, ஆறு தன் பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டிருந்தால் இங்கே வாழை ஏது? வெற்றிலை ஏது? கரும்பு ஏது? அந்தக் கரும்பைக் காய்ச்சிச் சிப்பம் போட்டு, பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்கு அனுப்பும் வெல்லம்தான் ஏது?

சுமை வரும். ஆனால் அந்தச் சுமையோடுதான் விளைச்சலும் வரும்!

"பெரிய ஆளாயிட்டான்" என்ற சொல்

இன்னொரு பயம் உண்டு. மேலே போனால் நம் ஆட்களை விட்டுப் பிரிந்து விடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தை வளர்ப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஒருவன் கொஞ்சம் முன்னேறினால் போதும், "அவன் பெரிய ஆளாயிட்டான்ப்பா" என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்குப் பயந்து கீழேயே நின்றுவிட்ட இளைஞர்களை யார் கணக்கெடுப்பது?

நம் முன்னோரில் சிலர் அந்தச் சொல்லுக்கு அஞ்சியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி 1951-இல் உருவானது. ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் என்ற இரு வணிகப் பெருமக்கள் அதை உருவாக்கினார்கள். கீழக்கரையில் பிறந்து கடல் கடந்து வணிகம் செய்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1984-இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியை நிறுவினார். 2015-இல் அவர் மறைந்தார். கல்வி நிலையம் நிற்கிறது. பெரிய ஆளானதால் இவர்கள் சமுதாயத்தை விட்டுப் பிரியவில்லை. பெரிய ஆளானதால்தான் சமுதாயத்துக்குக் கொடுக்க முடிந்தது!

மகளின் முதல் மதிப்பெண்

1960-களில் மட்டினா ஹார்னர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார். மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். மேற்கொண்டு கதையை எழுதுங்கள் என்று மாணவிகளிடம் கேட்டார். பெரும்பாலான மாணவிகள் அவளுக்குத் துன்பத்தையே எழுதினார்கள். தோழியர் விலகுவார்கள், திருமணம் நடக்காது என்ற தோரணையில் அந்தக் கதைகள் இருந்தன. பின்னாளில் இதே ஆய்வைச் செய்தவர்களுக்கு வெவ்வேறு முடிவுகள் கிடைத்தன. ஆண்களிடமும் இந்த அச்சம் தென்பட்டது. ஆனால் அன்று அந்த மாணவிகள் எழுதிய கதையை நம் வீடுகளில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே!

அதற்குப் பதில் சொல்ல இரண்டு பெயர்கள் போதும். 1927-இல் பத்தனம்திட்டாவில் பிறந்த ஃபாத்திமா பீவியைச் சட்டம் படிக்கச் சொன்னவர் அவருடைய தந்தைதான். 1950-இல் பார் கவுன்சில் தேர்வில் அவர் முதலிடம் பெற்றார். 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். 1997 முதல் 2001 வரை நம் தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தார். இரண்டாமவர் செங்கோட்டையில் ஒரு விவசாயியின் மகளாகப் பிறந்த நிகர் ஷாஜி. திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். 2023 செப்டம்பர் 2-இல் சூரியனை ஆராய ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் அவர்தான். இவர்களைப் பெற்றவர்கள் 'போதும்மா' என்று பாதியில் நிறுத்தியிருந்தால்?

பெற்றோர்களே! உங்கள் மகள் மதிப்பெண் பட்டியலோடு வந்து நிற்கும்போது உங்கள் முகத்தில் முதலில் தெரிவது மகிழ்ச்சியா, கவலையா? அவள் உங்கள் முகத்தைத்தான் படிக்கிறாள்.

இனி செய்ய வேண்டியது

ஒன்று: பயத்தைத் தாளில் எழுதுங்கள். "நான் ஜெயித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டு, ஐந்து பதில் எழுதுங்கள். மனதுக்குள் மலையாக இருந்தது தாளில் பாதியாகிவிடும். மீதிப் பாதிக்கு யாரிடம் யோசனை கேட்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு: கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரியுங்கள். அன்றாட வரவு செலவை அன்றே எழுதுங்கள். வளர்ச்சியைக் கண்டு அஞ்சுகிறவரில் பலர் உண்மையில் தம் கணக்கைக் கண்டே அஞ்சுகிறார்கள்.

மூன்று: வட்டி வேண்டாம் என்பவர் பங்குத் தொழிலை நாடுங்கள். ஆனால் வாய்வார்த்தையில் வேண்டாம். யாருக்கு என்ன பங்கு, நஷ்டம் வந்தால் என்ன, பிரிந்தால் என்ன என்பதை முதல் நாளே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

நான்கு: உறவினருக்குக் கொடுப்பதற்கு வரம்பு வையுங்கள். ஜகாத் நாற்பதில் ஒரு பங்கு என்று மார்க்கம் கணக்கு வைத்தே தந்திருக்கிறது. அதற்கு மேல் உதவ ஆண்டுக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள். அதுவும் தீர்ந்தால், இல்லை என்று அன்போடு சொல்லுங்கள்.

ஐந்து: இது ஊருக்கு. நம் பிள்ளை ஒருவன் ஜெயித்தால் ஜமாஅத்தில் அழைத்துப் பாராட்டுங்கள். அடுத்த பிள்ளைக்கு வழிகாட்டும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். பாராட்டுக் கிடைக்கும் ஊரில் வெற்றிக்கு யாரும் அஞ்ச மாட்டார்கள்.

இளைஞர்களே! வணிகச் சகோதரர்களே! காலியான கடைக்கு இன்னும் யாரும் முன்பணம் கொடுக்கவில்லை. மூடி வைத்த புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்களால் முடியுமா என்ற கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியும். முடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். நாளைக் காலை முதல் வேலையாக அந்த வாசலுக்குச் செல்லுங்கள்!