இழப்பு யாருடையது?

துணிகர மூலதனம் என்பது, ஈடு காட்டச் சொத்தில்லாததால் வங்கிக் கடன் கிடைக்காத இளம் நிறுவனங்களில் பங்கு வாங்கி, அவை வளர்ந்தால் இலாபத்தையும் வீழ்ந்தால் இழப்பையும் ஏற்றுக்கொள்ளும் முதலீட்டு முறையாகும். பிரிட்டனில் அது வேரூன்றாதிருந்த 1972இலேயே அத்தொழிலில் இறங்கியவர் சர் ரொனால்ட் கோஹன். 1945இல் எகிப்தில் பிறந்து, சூயஸ் நெருக்கடிக்குப் பின் குடும்பத்துடன் அகதியாக இங்கிலாந்தை அடைந்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் பயின்ற அவர் கூட்டாளிகளுடன் தொடங்கிய நிறுவனமே, பின்னாளில் ஏபாக்ஸ் பார்ட்னர்ஸ் என்று உலகறியப் பெயர் பெற்றது.

பொருளீட்டியவர்கள் பிற்காலத்தில் அறக்கட்டளை அமைப்பது புதிதன்று. கோஹனின் பொதுப்பணி அவ்வகையினது அன்று. 2000இல் பிரிட்டன் நிதியமைச்சகம் கேட்டுக்கொண்டதால் சமூக முதலீட்டுக் குழுவுக்குத் தலைமையேற்ற அவர், பலன் விளையாவிட்டால் பணம் போட்டவரே இழப்பைத் தாங்க வேண்டும் என்னும் தம் தொழிலின் நெறியையே பொதுநலத் துறைக்குள் கொண்டுவர முனைந்தார். அவர் பிறருடன் 2007இல் நிறுவிய சோஷியல் ஃபைனான்ஸ் அமைப்பு, 2010இல் பீட்டர்பரோ சிறையில் உலகின் முதல் சமூகத் தாக்கப் பத்திரத்தை, அதாவது நிர்ணயித்த சமூகப் பலன் கிட்டினால் மட்டுமே முதலீட்டாளருக்குப் பணம் திரும்பும் ஒப்பந்தத்தை, நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 17 முதலீட்டாளர்கள் அளித்த 50 இலட்சம் பவுண்டைக் கொண்டு, ஓராண்டுக்குக் குறைவான தண்டனை முடித்து வெளியேறிய ஆண்களுக்கு வீடும் வேலையும் தேடிக்கொள்ளத் துணை அளிக்கப்பட்டது. அவர்கள் மீண்டும் தண்டிக்கப்படுவது, ஒப்பீட்டுக் குழுவினரைவிட 7.5 விழுக்காடேனும் குறைய வேண்டும் என்பது நிபந்தனை. 2017இல் வெளியான முடிவின்படி 9 விழுக்காடு குறைந்திருந்ததால், முதலீட்டாளர்களுக்கு முதலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு வருவாயும் கிடைத்தன. திட்டம் தோற்றிருந்தால் அந்த இழப்பு அவர்களுடையதாகவே இருந்திருக்கும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. எண்ணிக் காட்டத்தக்க பலனுக்கே அது பொருந்தும். ஒரு முதியவர் மரியாதையுடன் நடத்தப்பட்டாரா என்பதை எந்த ஒப்பந்தமும் விழுக்காட்டில் அடக்கிவிட முடியாது. மேலும், நன்னடத்தைக் கண்காணிப்புப் பணியை அரசு நாடு முழுவதும் மாற்றியமைத்ததால், பீட்டர்பரோ திட்டமே திட்டமிட்ட காலத்துக்கு முன் முடிக்கப்பட்டது. கோஹனின் முயற்சி பீட்டர்பரோவோடு நின்றுவிடவில்லை. வங்கிகளில் 15 ஆண்டுகளாக உரிமையாளர் தொடாத கணக்குகளின் பணத்தையும் நான்கு பெரிய வங்கிகளின் முதலீட்டையும் கொண்டு, 2012இல் உருவான பிக் சொசைட்டி கேப்பிட்டல் நிறுவனத்தின் முதல் தலைவராகவும் அவர் பொறுப்பேற்றார்.

இன்று பட்டம் பெற்றுச் செல்வோர், நாளை அலுவலராகவோ முதலீட்டாளராகவோ ஒரு பொதுத் திட்டத்தில் கையெழுத்திடும் முன், அது தோற்றால் இழப்பு யார் தலையில் விழும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுவார்களாக.