வார்த்தையைத் தேடும் குரல்கள்

பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்த ஒரு பெரியவர் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்க நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மீன், என்ன விலை, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் கேட்க வாயெடுத்தால் ‘மீன்’ என்ற சொல்லே வருவதில்லை. அறிவு மங்கவில்லை, மூளையில் மொழியை ஆளும் பகுதி அடிபட்டிருக்கிறது. இதுதான் அஃபேசியா.

இப்படிப்பட்டவர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் மக்வின்னி போன்றவர்கள் 2007இல் ‘அஃபேசியா பேங்க்’ என்ற தொகுப்பைத் தொடங்கினார்கள். நோய் வந்த கதையைச் சொல்லச் சொல்வார்கள். பந்து பட்டு ஜன்னல் உடையும் படங்களைக் காட்டுவார்கள். சிண்ட்ரெல்லா கதையும் கேட்பார்கள். தயக்கம், பாதியில் நின்ற சொல், மாறி வந்த சொல், எதையும் திருத்தாமல் அப்படியே எழுதி வைக்கிறார்கள். சொல்லை மூளை தேடும் வழி அந்தத் தடுமாற்றத்தில்தான் தெரிகிறது.

சிங்கப்பூரில் ‘அஃபேசியா எஸ்ஜி’ அமைப்பு அஃபேசியா உள்ளவர்களுக்காகச் சந்திப்புகள் நடத்துகிறது. பாடகர் குழுவும் உண்டு. பேச வராத பலருக்குப் பாட்டு வருகிறது!

இப்படியொரு தொகுப்பைத் தமிழிலும் உருவாக்கினால், நம் பாட்டிமாரிடம் சிண்ட்ரெல்லா எதற்கு? காக்கா வடை திருடிய கதையைக் கேட்கலாமே. நடுவே ஆங்கிலமும் மலாயும் கலந்து வந்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும், இந்த ஊர்த் தமிழ் அதுதான். பதிவுக்குச் சம்மதம் கேட்கும்போது நீண்ட படிவத்தை நீட்டாமல், படம் காட்டி, சின்னச் சின்ன வாக்கியங்களில் கேட்டு, அவர் தலையசைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.